பிரிந்த பெற்றோரும் பிரியாத கடமையும்: தொற்றுநோய்க் காலம் தந்த பாடம்

நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறை நீதிமன்றத்துக்கு ஒரு வழக்குத் தவணைக்குப் போவதென்றால் ஒரு நாள் முழுவதும் அதற்கே செலவாகிவிடும். விடியற்காலையில் படகேறிக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வரவேண்டும். அங்கிருந்து புங்குடுதீவைக் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் போகவேண்டும். பின்னேரம் திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு தங்க ஓர் இடம் தேட வேண்டும். கையில் சிறுபிள்ளையோடு போகும் தாய்க்கு இது எவ்வளவு அலைச்சல் என்பதை விளக்க வேண்டியதில்லை. வாடைக் காலத்தில் கடல் குழம்பினால் படகு ஓடாது, தவணையும் தவறும். இது தீவு மக்களுக்குப் பழகிப்போன துன்பம்.

2020ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் கடல் குழம்பவில்லை. ஆனால் பயணம் நின்றது. கொரோனாத் தொற்றுக் காரணமாக மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டம் அபாயம் கூடிய ஆறு மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்பட்டது. நீதிமன்றங்கள் அவசரமான காரியங்களை மட்டும் எடுத்தன. ஏனைய வழக்குகள் தவணைக்கு மேல் தவணையாகத் தள்ளிப்போயின. கூலி வேலை, கட்டட வேலை, மீன் விற்பனை, தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோதல் எல்லாம் ஒரே நாளில் முடங்கின.

எல்லாக் குடும்பங்களும் இதனால் துன்பப்பட்டன. ஆனால் கணவனும் மனைவியும் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு இரண்டு மேலதிகக் கேள்விகள் எழுந்தன. தகப்பனுக்கு வேலை இல்லாதபோது பிள்ளைக்குரிய மாதப் பணம் என்னாவது? ஓரிடத்தில் தாயும் வேறிடத்தில் தகப்பனும் இருக்க, இடையில் பாதை மூடப்பட்டால், பிள்ளை மற்றவரை எப்படிக் காண்பது?

அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆயினும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பயணங்கள் மீண்டும் முடங்கின. போரும் இடப்பெயர்வும் கண்ட நாம் பாதை மூடப்படுவது இதுவே கடைசித் தடவை என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே இவ்விரு கேள்விகளுக்கும் நாட்டின் சட்டம் என்ன பதில் சொல்கிறது என்பதை நம் குடும்பங்கள் அறிந்துவைத்திருப்பது நல்லது.

மூன்று காரியங்கள், மூன்று வழிகள்

நம் மக்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் சேர்த்து "டிவோர்ஸ் கேஸ்" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் இவை மூன்று வேறு காரியங்கள்.

முதலாவது விவாகரத்து. இது திருமண உறவைச் சட்டப்படி முடிப்பது. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும். 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மூன்று காரணங்களையே ஏற்கிறது. திருமணத்தின் பின் பிறர் உறவு, கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு அல்லது அதுபோன்ற குறைபாடு என்பன அவை. "இருவருக்கும் ஒத்துவரவில்லை" என்பது மட்டும் போதாது. நீதிபதி தீர்ப்பளித்தாலும் முதலில் இடைக்காலத் தீர்ப்பே கிடைக்கும். மூன்று மாதங்களின் பின்னரே அது முடிந்த தீர்ப்பாகும். எனவே நோய்க்காலம் இல்லாவிட்டாலும் இது நாட்செல்லும் வழி. முஸ்லிம் மக்களுக்குத் தனிச் சட்டமும் காதி நீதிமன்றமும் உண்டு.

இரண்டாவது தாபரிப்பு. மனைவிக்கோ கணவனுக்கோ பிள்ளைக்கோ மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்குக் கொடுக்க வேண்டிய பணம் இது. இதற்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். விவாகரத்து வழக்குப் போட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இதை நம் தாய்மார் பலர் அறியாதிருக்கிறார்கள்.

மூன்றாவது கட்டுக்காப்பு. பிள்ளை யாரோடு வாழ்வது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பதைப் பற்றியது. இதை மாவட்ட நீதிமன்றம் தீர்மானிக்கும். பிள்ளையை ஒருவர் பலவந்தமாகக் கொண்டுபோய் வைத்திருந்தால் ஆட்கொணர்வு மனு மூலம் மாகாண மேல் நீதிமன்றத்தையும் நாடலாம்.

பாதை மூடப்பட்ட வேளையில் மற்ற இரண்டும் காத்திருக்கக்கூடும். தாபரிப்பு காத்திருக்க முடியாது. பிள்ளை ஒவ்வொரு நாளும் சாப்பிட வேண்டும்.

தாபரிப்புச் சட்டம் சொல்வது

1889ஆம் ஆண்டிலிருந்து இருந்த பழைய கட்டளைச் சட்டத்தை நீக்கி, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் முக்கிய அம்சங்கள் இவை.

பிள்ளை திருமணத்துக்குள் பிறந்ததா வெளியே பிறந்ததா என்ற பேதம் இல்லை. இரண்டுக்கும் தாபரிப்பு உரிமை உண்டு. பதினெட்டு வயதுக்குப் பின்னும், தன்னைத் தானே பராமரிக்க முடியாத மகனோ மகளோ 25 வயதுவரை கேட்கலாம். உடல் ஊனமோ மனவளர்ச்சிக் குறைவோ உள்ள பிள்ளைகளுக்கும் தனி ஏற்பாடு உண்டு. கடமை தகப்பனுக்கு மட்டும் உரியதல்ல. வசதியுள்ள தாயும் கொடுக்கக் கடமைப்பட்டவள்.

தொகையை நீதவான் இரு பக்கத்து வருமானத்தையும் நிலையையும் பார்த்துத் தீர்மானிப்பார். கட்டளையை வேண்டுமென்றே மீறினால் பொருட்களைக் கைப்பற்றி அறவிடலாம். சம்பளம் பெறுபவராயின் சம்பளத்தில் நேரே வெட்டச் சொல்லலாம். கொடாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம்.

இடம்பெயர்ந்தோருக்கு மிகவும் பயனுள்ள ஒரு விடயம் உண்டு. கணவன் வாழும் ஊருக்குத் தேடிப்போய்த்தான் வழக்கு வைக்கவேண்டும் என்பதில்லை. விண்ணப்பிப்பவர் தாம் குடியிருக்கும் பகுதியின் நீதவான் நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். நெடுந்தீவில் இருப்பவர் ஊர்காவற்றுறையிலும், இடம்பெயர்ந்து கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ குடியிருப்பவர் அங்கேயும் விண்ணப்பம் கொடுக்கலாம்.

"கல்யாணப் பதிவுத் துண்டு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டதே" என்று சிலர் தயங்குகிறார்கள். பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவு மூலம் பெற முயலலாம். பதிவு செய்யாமல் தாலி கட்டி வாழ்ந்தவர்களும் சாட்சிகளைக் கொண்டு திருமணத்தை நிறுவ முடியும். பிள்ளையின் தாபரிப்புக்குத் திருமணப் பத்திரம் தடையே அல்ல. இன்னாருடைய பிள்ளை என்பதை நிரூபித்தால் போதும்.

"கொஞ்சம் பொறு" என்ற புத்திமதி

இங்கே என் பக்கத்துத் தவறொன்றையும் சொல்லவேண்டும். கைவிடப்பட்ட பெண்கள் வந்து ஆலோசனை கேட்டபோது, "கொஞ்சம் பொறு பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். சமாதானம் வரவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் சட்டத்தைப் படித்தபோது அந்தப் புத்திமதியின் விலை எனக்குப் புரிந்தது. தாபரிப்புக் கட்டளை பொதுவாக விண்ணப்பித்த திகதியிலிருந்தே செல்லும். வேறு திகதியைக் குறிப்பதாயின் நீதவான் அதற்குக் காரணம் எழுத வேண்டும். விண்ணப்பம் கொடுக்காமல் பொறுத்திருந்த மாதங்கள் பெரும்பாலும் போனவைதான்.

விண்ணப்பம் ஒன்று நீதிமன்றத்தில் பதிவாகியிருந்தால், நோயாலோ புயலாலோ வழக்கு ஒரு வருடம் தள்ளிப்போனாலும், அந்த ஒரு வருடப் பணமும் கணக்கில் நிற்கும். விண்ணப்பமே இல்லையென்றால் கணக்கும் இல்லை. சமாதானப் பேச்சை யாரும் கைவிட வேண்டியதில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டும் பேசலாம். அயலிலுள்ள பெரியோர் முன்னிலையிலோ மத்தியஸ்த சபையிலோ நீதிமன்றக் குடும்ப ஆலோசகரிடமோ பேசி, வந்த முடிவை நீதவான் முன் பதிவு செய்யலாம்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. "இருவரும் சம்மதத்தோடு பிரிந்து வாழ்கிறோம்" என்று எழுதிய கடதாசியில் சில பெண்கள் வாசிக்காமலே கையொப்பம் வைத்துவிடுகிறார்கள். சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்குத் தன் பெயரில் தாபரிப்புக் கேட்கும் உரிமையைச் சட்டம் மறுக்கிறது. பிள்ளையின் உரிமை அதனால் அழியாது. பிள்ளைக்குரியதைத் தாய் எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. எனினும் எந்தக் கடதாசியிலும் கையொப்பம் வைக்கமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது புத்தி.

வேலை போன தகப்பன் என்ன செய்யலாம்?

தகப்பன்மாரின் நிலையையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். நாளாந்தம் கூலிக்குப் போனவருக்கு 2020இல் வாரக்கணக்கில் ஒரு சதமும் வரவில்லை. அரசு 2020 ஏப்ரலிலும் மே மாதத்திலும் வறிய குடும்பங்களுக்கு 5,000 ரூபா வீதம் கொடுத்தது. அதை வைத்துத் தன் செலவைப் பார்ப்பதா, பிள்ளைக்கு அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தது.

இங்கே அறியவேண்டியது ஒன்று. நீதிமன்றக் கட்டளையைத் தகப்பன் தானாகக் குறைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நீதிமன்றம் மாற்றும்வரை அது அப்படியே நிற்கும். ஆனால் நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டு நீதவானிடம் விண்ணப்பிக்கச் சட்டம் இடமளிக்கிறது. வேலை இழந்த தகப்பன் குறைக்கக் கேட்கலாம். விலைவாசி ஏறியதால் தாய் கூட்டக் கேட்கலாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 10,000 ரூபா கொடுக்கவேண்டும் என்று கட்டளை இருக்கிறது. ஒரு தகப்பன் மூன்று மாதம் ஒன்றும் கொடாமல், சொல்லாமல் இருந்தார். நிலுவை 30,000 ரூபா. காரணம் கேட்டால் காட்ட அவரிடம் எதுவும் இல்லை. இன்னொருவர் மாதம் 4,000 ரூபா அனுப்பி, வங்கித் துண்டை வைத்துக்கொண்டார். வேலை நின்றதற்கு வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு கடிதம் பெற்றார். நீதிமன்றம் திறந்தவுடன் குறைக்கக் கேட்டு விண்ணப்பித்தார். அவருக்கும் 18,000 ரூபா நிலுவை உண்டு. ஆனால் அவர் வேண்டுமென்றே கைவிட்டவர் அல்ல என்பதை நீதவான் காண்பார். போதிய காரணமின்றிக் கொடாதவரையே சட்டம் தண்டிக்கிறது. நிலுவையைத் தவணை முறையில் கட்டவும் அவர் கேட்கலாம். அந்த மூன்று மாதமும் அவருடைய பிள்ளை ஏதோ சாப்பிட்டிருக்கும் என்பது எல்லாவற்றிலும் பெரிது.

பணத்தை நீதிமன்றத்தில் கட்டி, தாய் அங்கே போய் எடுக்கும் வழக்கம் இருந்தால், பாதை மூடும்போது இரு பக்கமும் தவிக்க நேரும். ஆகவே தாயின் வங்கிக் கணக்கில் நேரே போடும்படி கட்டளையிடுமாறு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தீவுகளில் வாழ்வோருக்கு இது பெரிய உதவி.

பிள்ளையைப் பார்க்கும் உரிமை

கட்டுக்காப்பு விடயத்தில் நம் நாட்டில் நிலவும் பழைய உரோமன் டச்சுச் சட்டம் தகப்பனுக்கு முன்னுரிமை கொடுத்தது. காலப்போக்கில் நீதிமன்றங்கள் பிள்ளையின் நலனை முதலிடத்தில் வைக்கத் தொடங்கின. இலங்கை 1991இல் சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றது. பிரிந்து வாழும் பெற்றோர் இருவருடனும் தொடர்பு வைத்திருக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பது அச்சமவாயத்தின் ஒரு கூறு. அந்தத் தொடர்பு பிள்ளையின் நலனுக்குக் கேடாக இருந்தால் மட்டுமே அது விலக்கு. பார்க்கும் உரிமை பெற்றோருக்கு மட்டும் உரியதல்ல, பிள்ளைக்கும் உரியது.

தொற்றுக் காலத்தில் இதே கேள்வி உலகெங்கும் எழுந்தது. நம் தீவு மக்கள் பலர் குடியேறியிருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு வழக்கு வந்தது. தகப்பன் வீட்டில் நோய்ப் பாதுகாப்பு ஒழுங்காக இராது என்று அஞ்சிய தாய், ஒன்பது வயது மகன் அங்கே போவதை நிறுத்தும்படி கேட்டார். 2020 மார்ச் 24ஆம் திகதி நீதிபதி பசராட்ஸ் கொடுத்த முடிவு பின்னர் பல வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது. நோய் பரவுகிறது என்பதற்காக மட்டும் பார்க்கும் ஒழுங்கு தானாக நின்றுவிடாது. இன்ன வீட்டில் இன்ன ஆபத்து உண்டு என்று குறிப்பாகக் காட்டவேண்டும். பெற்றோர் இருவரும் முதலில் தாமே ஒரு வழி தேடவேண்டும். இதுவே அதன் சாரம். அதே நாளில் இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றத் தலைவர் மக்ஃபார்லேனும் வழிகாட்டல் ஒன்றை வெளியிட்டார். நேரில் காண முடியாதபோது தொலைபேசி போன்ற வேறு வழியால் தொடர்பைக் காக்கவேண்டும் என்றார். அந்த ஆண்டு ஏப்ரல் முடிவில் இந்திய உச்ச நீதிமன்றமும், நேரில் பார்ப்பதற்குப் பதிலாகக் காணொளி வழியே பிள்ளையோடு பேசுவது பொருத்தமானது என்ற கருத்தைத் தெரிவித்தது.

அவை நம் நாட்டைக் கட்டுப்படுத்தும் தீர்ப்புகள் அல்ல. ஆனால் அவற்றிலுள்ள புத்தி நமக்கும் பொருந்தும். தகப்பன் யாழ்ப்பாணத்திலும் பிள்ளை நெடுந்தீவிலும் இருந்தால், படகு ஓடாத காலத்தில் கிழமைக்கு இரண்டு நாள், குறித்த நேரத்தில், பிள்ளையோடு கதைக்க ஒழுங்கு செய்யலாம். தொலைபேசிக் கட்டணத்தை யார் போடுவது என்பதையும் பேசி வைக்கவேண்டும். தவறிய நாட்களுக்குப் பதிலாகப் பாடசாலை விடுமுறையில் கூடுதல் நாட்கள் கொடுக்கலாம். பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதற்காகத் தாபரிப்பை நிறுத்துவதும், தாபரிப்பு வரவில்லை என்பதற்காகப் பிள்ளையை மறைப்பதும் தவறு. இரண்டிலும் தண்டனை அனுபவிப்பது பிள்ளைதான்.

வீட்டில் அடி உதை இருந்தால் நிலைமை வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடைச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். இது அவசரமான காரியம். ஊரடங்கு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தவறிய தவணைகளுக்கு வந்த சட்டம்

நோயால் நீதிமன்றம் போக முடியாதவர்களுக்காக 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அது 2020 மார்ச் 1ஆம் திகதியிலிருந்தே செல்லுபடியாகும்படி செய்யப்பட்டது. குறித்த காலத்துக்குள் செய்யவேண்டியதைத் தொற்றுச் சூழ்நிலையால் செய்ய முடியாதவர்களுக்கு நிவாரணம், ஒரு நீதிமன்றம் இயங்க முடியாதபோது வேறு நீதிமன்றம், தொலைத்தொடர்பு வழியாக விசாரணை என்பனவற்றுக்கு அது இடம் வைத்தது. பெயரே சொல்வதுபோல அது தற்காலிகமானது. சட்டம் நிறைவேறியதோ 2021 ஆகஸ்டில், ஊரடங்கு வந்து ஏறத்தாழ ஒன்றரை வருடத்தின் பின்னர். அதுவரை தம் பிள்ளைக்குப் பாலும் சோறும் தேடிய தாய்மார் சட்டத்தின் துணை இன்றியே நாட்களைக் கடத்தினார்கள். அரசின் ஏற்பாடு பிந்தியே வரும். நம் ஆயத்தம் முந்தியே இருக்கவேண்டும்.

சீதனக் காணி

கையில் காசில்லாத வேளையில் சீதனக் காணியை ஈடு வைக்கவோ விற்கவோ சில பெண்கள் முயல்வதுண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, அசையாச் சொத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆனால் கணவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் பற்றிய கட்டளைச் சட்டம் கூறுகிறது. எனினும் காணி ஒருமுறை போனால் திரும்பாது. தாபரிப்புக் கேட்காமல் காணியை இழப்பது தலைகீழான வழி.

இப்போதே செய்யக்கூடியவை

1. பிறப்புப் பத்திரம், விவாகப் பத்திரம், அடையாள அட்டை, நீதிமன்றக் கட்டளை ஆகியவற்றின் பிரதிகளை ஒரு பையில் இட்டு, இன்னொரு பிரதியை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.

2. பணம் வந்த திகதி, தொகை, வராத மாதம், பிள்ளையைப் பார்த்த நாள் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள்.

3. பிரிந்து வாழும் விபரத்தைக் கிராம அலுவலரிடம் பதியச் செய்யுங்கள். நிவாரணப் பட்டியலில் பிள்ளைகள் யாரோடு இருக்கிறார்கள் என்பது சரியாக இருக்கவேண்டும்.

4. வழக்குச் செலவுக்கு வசதியில்லாதவர்கள் 1978இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் வழிகாட்டுவார்.

5. பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929, பெண்ணுக்கு ஆபத்தென்றால் 1938 என்ற இலக்கங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம்.

முடிவாக

நீதிமன்றம் போனால் திருச்சபைக்கு விரோதமாகிவிடுமோ என்று கத்தோலிக்கப் பெண்கள் சிலர் அஞ்சுகிறார்கள். தாபரிப்புக் கேட்பது திருமணத்தை முறிப்பதாகாது. தம்பதியர் பிரிந்து வாழ நேரும்போது பிள்ளைகளின் பராமரிப்புக்கும் வளர்ப்புக்கும் தக்க ஒழுங்கு எப்போதும் செய்யப்பட வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1154ஆம் பிரிவே பணிக்கிறது. ஆகவே பிள்ளைக்காக நீதவான் முன் நிற்கும் தாய் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கணவன் மனைவி உறவு முறியலாம். தகப்பன் பிள்ளை உறவை எந்த நீதிமன்றமும் முறிப்பதில்லை. அடுத்த முறை பாதை எதனால் மூடுமோ நாமறியோம். அதற்கு முன், உங்கள் அயலில் பிள்ளைகளோடு தனித்திருக்கும் தாய் ஒருத்தி இருந்தால், அவளுடைய விண்ணப்பம் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த படகில் அவளோடு துணைக்குப் போங்கள்.